‘நாங்கள்’ ‘நாம்’ ஆன பாட்டு

தமிழிலக்கணம் பயிலத் தொடங்கும் மாணவர், தன்மைப் பன்மையைக் கற்கும்பொழுது ஒரு நுட்பத்தைக் காண்பர். பேசுபவர் தம்மோடு கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’ என்பர். கேட்பவரை விலக்கித் தம்மவரை மட்டும் கருதினால் ‘நாங்கள்’ என்பர். வாசலில் நிற்கும் ஒருவரிடம், “நாங்கள் சாப்பிடப் போகிறோம்” என்று வீட்டுக்காரர் சொன்னால் வந்தவர் திரும்பிப் போவார். “நாம் சாப்பிடுவோம்” என்று சொன்னால் உள்ளே வருவார். வினைமுற்றின் விகுதியிலேயே இவ்வேறுபாட்டைக் காட்டிய வழக்கும் பழந்தமிழில் இருந்தது. ஆங்கில மொழியிலோ இரண்டுக்கும் ஒரே சொல்தான். அந்தச் சொல்லையே முதலாகக் கொண்டு, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் எழுந்து, உலகெங்கும் பரவிய பாட்டொன்று உண்டு. ‘வீ ஷல் ஓவர்கம்’ என்பது அதன் பெயர். ‘வெல்வோம்’ என்று அதைத் தமிழில் எளிதாகக் கூறிவிடலாம். ஆனால் வெல்பவர் நாங்களா, நாமா என்று கேட்டால் விடை அத்துணை எளிதன்று. அப்பாட்டைப் பாடியவர்கள் தமக்குள் நெடுங்காலம் வழக்காடியதும் ஏறக்குறைய இந்தக் கேள்வியைப் பற்றியே.

‘வெல்லுதல்’ என்னும் மொழிபெயர்ப்பும் முற்றும் பொருந்துவதன்று. வெல்லுதல் என்றவுடன் தோற்பவன் ஒருவன் எதிரே வந்து நிற்கிறான். ஆங்கிலச் சொல்லிலோ ஒரு தடையைத் தாண்டி அப்பாற் செல்லும் பொருளும் உண்டு. பழந்தமிழிலே ‘கடத்தல்’ என்னும் சொல் தாண்டுதலையும் வெல்லுதலையும் ஒருங்கே குறித்தது. அதுவே இதற்கு நெருங்கிய சொல். எதனைக் கடப்பது, யாரைக் கடப்பது என்று அப்பாட்டு எங்கும் சொல்வதில்லை. பகைவன் பெயர் அதில் இல்லை. ஆயுதத்தின் பெயரும் இல்லை. அறப்போர் நடத்தியவர்களுக்கு அது கருவியாகப் பயன்பட்டதற்கு இந்த மௌனம் ஒரு காரணம்.

அதன் தோற்றத்தைத் தேடிச் செல்பவர் முதலில் ஒரு தேவாலயத்தை அடைகின்றனர். பிலடெல்பியா நகரில் மெதடிஸ்த போதகராக விளங்கிய சாள்ஸ் ஆல்பேட் ரின்ட்லி, அடிமையாய் வாழ்ந்த தந்தைக்கு மகனாக 1851 ஆம் ஆண்டிற் பிறந்தவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட கீர்த்தனைகளுள் ஒன்று, ஒருநாள் இடர்களைக் கடந்து செல்வேன் என்னும் கருத்தை உடையது. அங்கே பேசுவது ‘நான்’. கடவுளின் முன் தனித்து நிற்கும் ஓர் ஆன்மாவின் குரல் அது. அதன் மெட்டு வேறு. இன்று உலகறிந்த மெட்டு, கறுப்பின மக்களின் பழைய பக்திப்பாடல்களோடு உறவுடையது. 1909 ஆம் ஆண்டில் வெளிவந்த சுரங்கத் தொழிலாளர் சங்க ஏடொன்றில், முந்திய ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது கூட்டந்தோறும் பிரார்த்தனையோடு ‘கடப்போம்’ என்னும் நல்ல பழைய பாட்டைப் பாடியதாக ஒருவர் எழுதியிருக்கிறார். ஆகவே தேவாலயத்து ‘நான்’ என்பது தொழிலாளர் கூட்டத்தில் பன்மையாக மாறுவது அக்காலத்திலேயே தொடங்கிவிட்டது எனலாம்.

எனினும் இன்று பாடப்படும் பாட்டுக்கு நேர்வழி முன்னோர் தென் கரோலினா மாநிலத்துச் சாள்ஸ்டன் நகரின் சுருட்டுத் தொழிலாளரே. அங்கிருந்த பெரிய புகையிலைக் கம்பனியின் தொழிற்சாலையில் 1945 ஒக்டோபரில் வேலைநிறுத்தம் தொடங்கியது. வேலையை நிறுத்தியவருட் பெரும்பாலார் கறுப்பினப் பெண்கள். ஐந்து மாதங்களுக்கு மேலாக, மாரியிலும் குளிரிலும், அவர்கள் தொழிற்சாலை வாயிலில் மறியல் செய்தனர். மாலையில் கலைந்து செல்லுமுன் ஒரு பாட்டைப் பாடுவது அவர்களின் வழக்கமாயிற்று. லூசில் சிமன்ஸ் என்னும் பெண் அதனை முன்னின்று பாடினார். விரைந்து பாடும் பாட்டை அவர் சவுக்க காலத்திலே, ஒவ்வோர் அசையையும் நீட்டி, பிறர் குரல்கள் வந்து சேர இடம் விட்டுப் பாடுவாராம். தேவாலயத்தில் ‘நான்’ என்றிருந்த சொல் அந்த மறியல் வரிசையில் ‘நாங்கள்’ என்றாயிற்று. ஐயமின்றி ‘நாங்கள்’ தான்: வாயிலுக்கு உள்ளே இருந்த முதலாளி அதில் அடங்கார். வேலைநிறுத்தத்தின் முடிவிற் கிடைத்த ஊதிய உயர்வு அவர்கள் கேட்டதிலும் மிகச் சிறிது. பாட்டோ, அது தோன்றிய வழக்கை விட்டு நெடுந்தூரம் செல்ல இருந்தது.

ரெனசி மாநிலத்து மலைப்புறத்திலே, மன்றீகிள் என்னும் ஊருக்கு அருகில், ‘ஹைலாண்டர் நாட்டார் பள்ளி’ என்றொரு கல்விநிலையம் 1932 ஆம் ஆண்டு முதல் நடந்து வந்தது. தொழிலாளரும் உழவரும் சில நாட்கள் தங்கித் தம் சிக்கல்களைத் தாமே ஆராயும் இடம் அது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உண்பதை மாநிலத்தின் சட்டமும் வழக்கமும் தடுத்த காலத்தில், அங்கே அவர்கள் ஒன்றாக உண்டனர். பள்ளியை நிறுவியவருள் ஒருவரான மைல்ஸ் ஹோட்டனின் மனைவி சில்பியா, இசைத்துறையைக் கவனித்தவர். வருகின்ற குழுவினருக்குப் பாட்டுக் கற்பிப்பதோடு, அவர்களிடமுள்ள பாட்டைக் கேட்டுத் தொகுப்பதும் அவர் வழக்கம். 1946 ஆம் ஆண்டிற் சாள்ஸ்டனிலிருந்து வந்த சுருட்டுத் தொழிலாளப் பெண்கள் தங்கள் பாட்டை அவரிடம் கொடுத்தனர். சில்பியா அதனை அடுத்த ஆண்டில் பீற் சீகர் என்னும் நாட்டுப்பாடகருக்குக் கற்பித்தார். பாட்டின் ஆங்கிலப் பெயரில் ‘வில்’ என்றிருந்த சொல் பின்னர் ‘ஷல்’ ஆயிற்று. வாயை நன்கு திறந்து பாட இதுவே ஏற்றது என்று சீகர் விளக்கம் சொன்னார்; மாற்றியவர் செப்டிமா கிளாக்காகவும் இருக்கலாம் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

செப்டிமா கிளாக் அம்மையார் ஓர் ஆசிரியை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தென் கரோலினாவிற் படிப்பித்தவர். கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமொன்றில் உறுப்பினராயிருந்த குற்றத்துக்காக 1956 ஆம் ஆண்டில் வேலையினின்று நீக்கப்பட்டு, ஓய்வூதியத்தையும் இழந்தார். உறுப்புரிமையை மறைத்திருந்தால் வேலை தப்பியிருக்கும், அவர் மறைக்கவில்லை. அதன்பின் ஹைலாண்டரில், எழுத்தறியாத முதியோர்க்கு எழுத்தறிவித்து வாக்காளராகப் பதிவு செய்யும் திறனை அளிக்கும் வகுப்புகளை வளர்த்தார். பாடகர்களைப் பற்றிய நூல்களில் இவர் பெயர் ஓரமாகவே வருகிறது. பாட்டின் பொருளை இவரினும் நன்கு வாழ்ந்துகாட்டியவர் சிலரே.

பாட்டின் கட்டமைப்பும் கவனிக்கத்தக்கது. ஓர் அடி, அது மீண்டும் வரும், பின் ஒரு சிறு முடிப்பு. அவ்வளவே. முதலடியில் உள்ள சொற்களை எடுத்துவிட்டு வேறு நான்கு சொற்களை வைத்தால் புதிய சரணம் பிறந்துவிடும். கற்பனை வளத்தை நாடுவோர்க்கு இது வறுமையாகத் தோன்றலாம். ஆனால் அச்சிட்ட தாளின்றி, ஒத்திகையின்றி, சிறைக்கூடத்திலோ தெருவிலோ ஆயிரம் பேர் பாட வேண்டுமாயின், வளமான கவிதை உதவாது. எவரும் நுழையத்தக்க, கதவு பல உள்ள கவிதையே உதவும்.

அக்கதவுகளுள் ஒன்று 1959 யூலை 31 ஆம் நாள் இரவில் திறந்தது. மதுபானம் தேடுவதாகக் கூறிக்கொண்டு பொலிசார் ஹைலாண்டர் பள்ளியுள் நுழைந்தனர். செப்டிமா கிளாக் கைதுசெய்யப்பட்டார். விளக்குகள் அணைக்கப்பட்ட இருளில் மாணவர்கள் அமர்ந்திருந்தனர். அலபாமா மாநிலத்து மொன்ற்கொமரி நகரிலிருந்து வந்திருந்த பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி, தங்களுக்கு அச்சம் இல்லை என்று பொருள்படும் அடியொன்றைப் பழைய மெட்டில் அமைத்துப் பாடத் தொடங்கினாள். இருளில் இருந்தோர் தொடர்ந்தனர். பொலிசாருள் ஒருவர், பாடத்தான் வேண்டுமென்றால் இவ்வளவு உரக்கப் பாட வேண்டுமா என்று கேட்டதாகவும், கேட்டவரே நடுங்கிக்கொண்டிருந்ததாகவும் அவர் பிற்காலத்திற் கூறியுள்ளார். அந்த அடி பாட்டிலே நிலைத்துவிட்டது. 1961 ஆம் ஆண்டில் மாநில அரசு பள்ளியின் உரிமைப்பத்திரத்தை இரத்துச்செய்து அதன் நிலத்தையும் கட்டடங்களையும் கைப்பற்றிக்கொண்டது. நிறுவனத்தார் வேறு பெயரில், வேறு ஊரில் தம் பணியைத் தொடர்ந்தனர்.

இடையில் 1960 பெப்ரவரி முதலாம் நாள், வட கரோலினாவின் கிறீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர், வெள்ளையர்க்கென ஒதுக்கிய உணவுக்கூடத்தில் அமர்ந்து எழ மறுத்தனர். அவ்வறப்போர் சில கிழமைகளில் தென்மாநிலங்கள் எங்கும் பற்றியது. ஏப்பிரலில் மாணவர் பிரதிநிதிகள் ராலி நகரிற் கூடித் தங்களுக்கென ஓர் இணைப்புக்குழுவை நிறுவினர். சில்பியா 1956 இற் காலமான பின்னர் ஹைலாண்டரின் இசைப்பணியை ஏற்றிருந்த கை கரவான் என்னும் இளைஞர் அங்கே இப்பாட்டைத் தொடங்கினார். மாணவர்கள் எழுந்து, கைகளைக் குறுக்காக நீட்டி, அயலவர் கையைப் பற்றி, அசைந்து பாடினர். அன்று முதல் இயக்கத்தின் கூட்டங்கள் பலவும் அவ்வாறே முடிவடைந்தன. கரவான் வெள்ளையர், கித்தார் மீட்டிப் பாடியவர். தென்பகுதிச் சபைகளோ கித்தாரை ஒதுக்கிவைத்துத் தம் தேவாலய முறையிலே, தாழ்ந்த காலத்தில், பல சுருதிக் குரல்கள் பின்னிவர அதனைப் பாடின. சுருட்டுத் தொழிலாளரிடமிருந்து சென்ற பாட்டு இவ்வாறு மீண்டும் தன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

வீட்டார் எல்லாரும் அதன் புதுச் சட்டையை விரும்பினர் என்று சொல்ல முடியாது. ஜோர்ஜியா மாநிலத்து அல்பனி நகரில் ஊர்வலம் சென்றதற்காகக் கல்லூரியினின்று நீக்கப்பட்டவரும், பின்னர் புகழ்பெற்ற பாடகியும் வரலாற்றாசிரியருமாக விளங்கியவருமான பேர்னிஸ் ஜோன்சன் றீகன், ‘நான்’ என்பது ‘நாங்கள்’ ஆனதைப் பற்றி ஆழ்ந்த கருத்தொன்றைக் கூறினார். கறுப்பின மக்களின் மரபில் ஒரு கூட்டம் தன் உறுதியைக் கூற விரும்பினால் ஒவ்வொருவரும் ‘நான்’ என்றே பாடுவர். ‘நாங்கள்’ என்றால் யார் வருவார், யார் வராமல் நிற்பார் என்று எப்படித் தெரியும் என்பது அவர் வாதம். ஆழ்ந்து நோக்கினால் இது தன்னலத்தின் ‘நான்’ அன்று, பிணைநிற்கும் ‘நான்’. சங்கங்களும் சபைகளும் தீர்மானம் நிறைவேற்றும்போது ‘நாங்கள்’ என்று கையுயர்த்திவிட்டு, மறுநாள் வேலைக்கு வராதவர்களைக் கண்டவர் எவரும் றீகனின் கூற்றை மறுக்கமாட்டார். ஆயினும் அவர் அந்த மாற்றத்தை ஏற்றுக்கொண்டார். வெள்ளையரும் இயக்கத்தில் இணைந்து வந்தமையின், அவர்களும் பாடத்தக்க சொல் வேண்டியிருந்தது.

1963 ஓகஸ்ட் 28 ஆம் நாள் வாஷிங்டன் நகரில், ஆபிரகாம் லிங்கனின் நினைவாலயத்தின் முன் கூடிய சுமார் 2,50,000 மக்களை ஜோன் பயஸ் என்னும் பாடகி இப்பாட்டிலே நடத்தினார். அவ்வேளையில் அது ஒரு நாட்டின் பாட்டாகிவிட்டது. ‘நாங்கள்’ என்பது ‘நாம்’ ஆகக்கூடும் என்ற நம்பிக்கை அங்கே தோன்றியது. அந்நம்பிக்கைக்கு மெய்யான சோதனை இரண்டு ஆண்டுகளில் வந்தது.

அலபாமாவின் செல்மா நகரத்துக் கறுப்பின மக்கள் வாக்குரிமை கேட்டுப் போராடினர். 1965 பெப்ரவரியில் அயலூரில் நடந்த ஊர்வலத்தில் ஜிமி லீ ஜாக்சன் என்னும் கறுப்பின இளைஞர் காவற்படையினனாற் சுடப்பட்டு இறந்தார். மார்ச் 7 ஆம் நாள், பாலத்தைக் கடந்து நடந்தோர் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் தாக்கப்பட்டனர். ஆதரவு தர வந்த ஜேம்ஸ் றீப் என்னும் வெள்ளைப் போதகர் அடியுண்டு, மார்ச் 11 இல் உயிர்நீத்தார். மார்ச் 15 ஆம் நாள் இரவில் ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் இரு சபைகளும் கூடிய கொங்கிரசில் உரையாற்றினார். அவர் தென்மாநிலமாகிய ரெக்சாசைச் சேர்ந்த வெள்ளையர். தப்பெண்ணமும் அநீதியும் விட்டுச்சென்ற சுமையைக் கடக்க வேண்டியவர் கறுப்பின மக்கள் மாத்திரமல்லர், நாட்டினர் அனைவருமே என்ற கருத்தைக் கூறி, உடனே அப்பாட்டின் பெயரையே தம் வாக்கியமாக உரைத்தார். செல்மாவில் ஒரு வீட்டில் தொலைக்காட்சியில் அவ்வுரையைக் கேட்டிருந்த மாட்டின் லூதர் கிங்கின் கண்ணில் நீர் வழிந்ததை அருகிருந்த ஜோன் லூயிஸ் நினைவுகூர்ந்தார்.

அதே உரையைக் கேட்ட ஜேம்ஸ் ஃபோமனுக்கு வேறு உணர்ச்சி எழுந்தது. மாணவர் இணைப்புக்குழுவின் செயலாளராக இருந்த அவர், நல்லதொரு பாட்டை ஜனாதிபதி கெடுத்துவிட்டார் என்றார். இதைச் சிறுமனம் என்று ஒதுக்கிவிடலாகாது. ஜோன்சனின் உரை, கொல்லப்பட்ட தேவ ஊழியர் ஒருவரைக் குறிப்பிட்டது, அவர் றீப். ஜிமி லீ ஜாக்சனின் இறப்பு அவ்வுரையில் இடம்பெறவில்லை. அனைவரையும் உளப்படுத்துகின்ற ‘நாம்’ என்னும் சொல், முதலில் இறந்தவனை மறந்துவிட்டுப் பேசப்படுமாயின், ‘நாங்கள்’ என்று விலகி நிற்பவரைக் குறைகூற எவருக்கு உரிமை உண்டு? எனினும் இருவருட் கிங்கின் கண்ணீருக்கே வரலாறு கூடுதலாகச் சான்று பகர்கிறது. அவ்வாண்டு ஓகஸ்ட் 6 ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் கையொப்பமிடப்பட்டது. உளப்படுத்தும் சொல் அங்கே சட்டத்தின் எழுத்தாக மாறியது. பாட்டு எதனாலும் அடைய முடியாத நிலை அது. அச்சட்டத்தின் முக்கிய பிரிவொன்றை 2013 ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் செயலிழக்கச் செய்ததையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பாட்டையே வெறுத்தவரும் இருந்தனர். மல்கம் எக்ஸ், 1964 ஆம் ஆண்டுப் பேச்சுகளில், அடிபடுபவர் பாடிக்கொண்டிருப்பதை எள்ளி நகையாடினார். பாட்டுக்கு எவர் வாயில் இருப்பது என்று தேரும் ஆற்றலும் இல்லை. தென்னாபிரிக்காவில் புகையிரத நிலையமொன்றிற் குண்டு வைத்து ஒரு மூதாட்டியின் உயிர்போகக் காரணமான ஜோன் ஹரிஸ், நிறவெறியை எதிர்த்தவர். 1965 ஏப்பிரல் முதலாம் நாள் தூக்குமேடைக்குச் செல்கையில் அவர் பாடியதும் இதே பாட்டு. மூன்றாண்டுகளின் பின், 1968 ஓகஸ்டில், வட அயர்லாந்தின் குடியுரிமை ஊர்வலத்தினர் டங்கானன் நகரை நோக்கி நடந்து சென்று, தடுக்கப்பட்ட இடத்தில் அதனையே பாடினர். இந்தியாவில் கிரிஜா குமார் மாதுர் அதனை ஹிந்தியில் ஆக்கினார். அந்த ஹிந்தி வடிவத்தில் ‘கடத்தல்’ என்பது ‘வெற்றிபெறுதல்’ என்றாகிவிட்டமையின், பாடசாலை விழாக்களிற் பிள்ளைகள் அதனைப் பரீட்சையின் வெற்றிபோலப் பாடிவிடுகின்றனர். இனிமைக்குக் குறைவில்லை, இருளில் இருந்து பாடிய சிறுமியை அறிந்த பின் பாடினால் குரல் சிறிது மாறும்.

இறுதியாக, இப்பாட்டு யாருடைய உடைமை என்னும் வழக்கு. 1960 ஆம் ஆண்டிலும் 1963 ஆம் ஆண்டிலும் அதற்குப் பதிப்புரிமை பெறப்பட்டது. சில்பியா ஹோட்டன், பிராங் ஹமில்டன், கை கரவான், பீற் சீகர் ஆகிய நால்வரின் பெயர்கள் அதிற் காணப்பட்டன. வணிகர் எவரேனும் அதனைக் கைப்பற்றிக்கொள்ளாமற் காப்பதே நோக்கம் என்று அவர்கள் கூறினர். கிடைத்த பணத்தைத் தாமும் எடுத்துக்கொள்ளாமல், தென்மாநிலக் கறுப்பின மக்களின் கலை, சமூகப் பணிகளுக்கு உதவும் நிதியமொன்றுக்கே ஒப்படைத்தனர். நேர்மையான ஏற்பாடுதான். எனினும் நால்வரும் வெள்ளையர். அரைநூற்றாண்டு கழிந்தபின், 2016 ஆம் ஆண்டில், திரைப்பட ஆக்குநர் சிலர் அவ்வுரிமையை எதிர்த்து நீதிமன்றம் சென்றனர். ‘வில்’ என்பது ‘ஷல்’ ஆனது போன்ற சிறு மாற்றங்கள் முதற் சரணத்துக்குத் தனியுரிமை தரப் போதா என்று நியூயோர்க்கில் நீதிபதி 2017 இல் தீர்ப்பளித்தார். 2018 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இரு தரப்பும் இணங்கி, பாட்டு பொதுவுடைமை ஆயிற்று. சாள்ஸ்டன் வாயிலில் மாலைதோறும் அசையை நீட்டிப் பாடிய லூசில் சிமன்ஸின் பெயர் பதிப்புரிமைப் பத்திரத்தில் ஒருபோதும் இருந்ததில்லை.